ஆங்கிலத்தில் ‘பை’: மாலை வகுப்பில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

வேலைக்குப் போகிறவர்களுக்கும் போட்டித் தேர்வு எழுதுகிறவர்களுக்கும் மாலை நேரத்தில் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். மாணவர்கள் கேட்கிற சந்தேகங்களை அவர்கள் சொன்னபடியே வருகைப் பதிவேட்டின் கடைசிப் பக்கங்களில் குறித்து வைப்பது வழக்கம். அந்தப் பக்கங்களில் அதிக இடம் பிடித்திருப்பது பி, ஒய் என்று இரண்டே எழுத்தில் எழுதுகிற ‘பை’தான். அந்தக் கேள்விகளை எளிதானதில் தொடங்கி வரிசையாகத் தந்திருக்கிறேன். ஆங்கில வாக்கியங்களும் தமிழ் எழுத்தில்தான் இருக்கின்றன. வாய்விட்டுப் படியுங்கள், புரிந்துவிடும்.

சார், ‘பை’ன்னா தமிழ்ல என்ன? ஒரே வார்த்தையில சொல்லிடுங்க.

ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது. ஆங்கிலத்தில் ஒரே ஆள் பார்க்கிற வேலையைத் தமிழில் ஏழெட்டுப் பேர் பார்க்கிறார்கள். போலீசாரால், ஆற்றோரம், வெள்ளிக்கிழமைக்குள், பஸ்ஸில், கிலோ கணக்கில், தபால் மூலம் என்று நாம் சொல்கிற எல்லா இடத்திலும் ஆங்கிலத்தில் ‘பை’ வரும்.

அதனால் ‘பை’க்குப் பொருள் தேடாமல், அதற்கு அடுத்து என்ன நிற்கிறது என்று பாருங்கள். ஆள் நின்றால் ‘ஆல்’. கிழமையோ மணியோ நின்றால் ‘க்குள்’. ஆறு, ஜன்னல், வாசல் என்று இடம் நின்றால் ‘ஓரம், பக்கத்தில்’. வண்டி நின்றால் ‘இல்’. எண் நின்றால் கொஞ்சம் நிதானிக்க வேண்டும், அது பின்னால் வருகிறது. என் வகுப்பில் நான் சொல்லித் தருவதில் முக்கால் பங்கு இந்த ஒரு பழக்கம்தான்.

ஒரே சொல்லுக்கு இவ்வளவு அர்த்தம் எப்படி வந்துச்சு?

பழைய ஆங்கிலத்தில் இதன் அடிப்படைப் பொருள் ‘பக்கம், அருகு’ என்பதுதான். ஜெர்மன் மொழியில் இதற்கு உறவான ‘பை’ என்ற சொல் இன்றும் அந்த அருகாமைப் பொருளில் நன்றாகப் புழங்குகிறது. ஆங்கிலத்தில் இடத்தைக் காட்டிய சொல் நாளடைவில் வழியையும், கருவியையும், செய்தவரையும், காலக்கெடுவையும் காட்டத் தொடங்கியது.

பழைய பொருள் ஒளிந்திருக்கும் இடங்களும் உண்டு. ‘பிசைட்’ என்ற சொல்லின் தொடக்கத்தில் இருப்பது இந்த ‘பை’தான்: பக்கத்தில். ‘பிகாஸ்’ என்பதும் ‘பை காஸ்’ என்று இருந்து ஒட்டிக்கொண்டதே. ‘ஸ்டாண்ட் பை ஹிம்’ என்றால் அவனுக்குத் துணையாக நில் என்று பொருள். ‘நான் உன் பக்கம்’ என்று நாமும் அதைத்தான் சொல்கிறோம்.

விடைபெறுற ‘பை’, வாங்குற ‘பை’, இந்த ‘பை’ எல்லாம் ஒண்ணா?

ஒலி ஒன்று, ஆனால் எழுத்தும் வேரும் வேறு. வாங்குவதற்கு நடுவில் ஒரு யூ வரும். விடைபெறுவதற்குக் கடைசியில் ஒரு இ வரும். அது ‘குட்பை’யின் சுருக்கம். ‘குட்பை’யோ ‘கடவுள் உன்னோடு இருக்கட்டும்’ என்ற பழைய வாழ்த்து தேய்ந்து வந்தது.

‘நியர்’னு சொன்னா போதாதா? ‘பை’ எதுக்கு?

இரண்டும் ஒரே தூரம் அல்ல. ‘ஹவுஸ் நியர் தி ரிவர்’ என்றால் ஆற்றுக்கு அரைக் கிலோமீட்டர் தள்ளிக்கூட வீடு இருக்கலாம். ‘ஹவுஸ் பை தி ரிவர்’ என்றால் ஜன்னலைத் திறந்தால் தண்ணீர் தெரிய வேண்டும், அது ஆற்றோரத்து வீடு. ஊர்ப் பெயருக்கு முன்னால் மட்டும் இந்தப் பொருளில் ‘பை’ போடாதீர்கள். மதுரைக்குப் பக்கத்தில் என்றால் ‘நியர் மதுரை’தான்.

கத்தியால வெட்டினான், போலீசால பிடிபட்டான். ரெண்டுலயும் ‘ஆல்’ இருக்கே, ரெண்டுக்கும் ‘பை’ போட்டா என்ன தப்பு?

நல்ல கேள்வி. தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இதன் விடை ஏற்கெனவே தெரியும், ஆனால் ஆங்கில வகுப்பில் அது நினைவுக்கு வருவதில்லை. மூன்றாம் வேற்றுமை உருபுகள் ஆல், ஆன், ஒடு, ஓடு என்றும், அவற்றின் பொருள் கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி என்றும் நன்னூல் சொல்கிறது. கத்தி கருவி, போலீஸ் கருத்தா. தமிழில் இரண்டுக்கும் ‘ஆல்’ போதும். ஆங்கிலம் பிரித்து வைக்கிறது: செய்தவருக்கு ‘பை’, கையிலிருக்கும் கருவிக்கு ‘வித்’. ‘ஹி வாஸ் அட்டாக்டு பை எ மேன் வித் எ நைஃப்’ என்ற வாக்கியத்தில் இருவரும் அவரவர் இடத்தில் நிற்கிறார்கள். உடனிகழ்ச்சிக்கும் ‘வித்’ தான் வரும்: தம்பியோடு வந்தான், ‘வித் ஹிஸ் பிரதர்’.

மின்னல் தாக்கியது, கார் மோதியது என்னும்போது ‘பை லைட்னிங்’, ‘பை எ கார்’ என்பதே சரி. மின்னலை யாரும் கையில் பிடித்து அடிக்கவில்லை, அதுதான் செய்தது. கையால் செய்த பொருளுக்கு மட்டும் ‘மேட் பை ஹேண்ட்’ என்று சொல்வது நிலைத்துவிட்டது. அங்கே கை என்பது கருவியாக இல்லாமல் செய்முறையாக நிற்கிறது.

‘பில்ட் பை கரிகாலன்’னு எழுதினா, கரிகாலனே கல்லு தூக்கினார்னு ஆகிடாதா?

ஆகாது. பள்ளிப் பாடத்தில் இதே எடுத்துக்காட்டைப் படித்திருப்பீர்கள். ‘கரிகாலனால் கல்லணை கட்டப்பட்டது’ என்பது ஏவுதல் கருத்தா, பிறரைக் கொண்டு செய்வித்தது. ‘சேக்கிழாரால் பெரியபுராணம் இயற்றப்பட்டது’ என்பது இயற்றுதல் கருத்தா, தானே செய்தது. ‘ஆல்’ இரண்டையும் தாங்குவது போலவே ‘பை’யும் தாங்கும். ஒரு கட்டடத்தைக் கட்டிய கொத்தனாருக்கும் ‘பை’ போடலாம், பணம் போட்ட முதலாளிக்கும் போடலாம். யார் என்று சூழல்தான் சொல்ல வேண்டும்.

செயப்பாட்டு வினைன்னா எப்பவும் ‘பை’ தானே?

இல்லை. ‘ஹி இஸ் நோன் பை மீ’ என்று தேர்வுத் தாளில் எழுதி மதிப்பெண் இழந்தவர்களை வருடந்தோறும் பார்க்கிறேன். ‘நோன் டு மீ’ என்பதே சரி. தமிழில் சொல்லிப் பாருங்கள்: ‘எனக்குத் தெரிந்தவர்’ என்போம், ‘என்னால் தெரிந்தவர்’ என்று யாரும் சொல்வதில்லை. அதே போல ‘மேரீட் டு’, ‘இன்ட்ரஸ்டட் இன்’ என்று வழக்கத்தில் ஊறியவை சில உண்டு. இவற்றுக்கு விதி தேடி நேரத்தைச் செலவிட வேண்டாம், அப்படியே மனதில் இருத்திக்கொள்ளுங்கள்.

‘பை’, ‘டில்’, ‘வித்இன்’ மூணையும் நான் எப்பவும் குழப்பிக்கிறேன்.

இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்வியால்தான். ஏற்றுமதி அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்த மாணவி ஒருநாள் ஒரு தாளை மடித்து எடுத்து வந்தார். வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு அவர் அனுப்பிய கடிதம். ‘வி வில் சென்ட் தி சாம்பிள்ஸ் டில் ஃப்ரைடே’ என்று எழுதியிருந்தார். வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பிவிடுகிறோம் என்பதுதான் அவர் நினைத்தது. படித்தவருக்கோ வெள்ளிக்கிழமை வரை தினமும் அனுப்பிக்கொண்டே இருப்பார்கள் என்று பட்டிருக்கிறது. தினமும் எத்தனை என்று கேட்டுப் பதில் வந்திருந்தது. ‘டில்’ என்ற சொல்லின் மேல் பென்சிலால் கோடிட்டு ‘பை’ என்று எழுதிக் கொடுத்தேன். அந்தத் தாளை அவர் ரொம்ப நாள் நோட்டுக்குள் வைத்திருந்தார்.

செயல் ஒரே தடவை நடந்து முடிந்துவிடும், அதற்குக் கெடு இருக்கிறது என்றால் ‘பை’. செயல் அந்த நேரம் மட்டும் நீண்டுகொண்டே போகிறது என்றால் ‘டில்’, அதாவது நம் ‘வரை’. ‘ஐ வில் பி ஹியர் பை சிக்ஸ்’ என்றால் ஆறு மணிக்குள் வந்துவிடுவேன். ‘ஐ வில் பி ஹியர் டில் சிக்ஸ்’ என்றால் ஆறு மணி வரை இருப்பேன். ஒரு சொல் மாறினால் வருகிறவர் போகிறவராகிவிடுகிறார்.

‘வித்இன்’ குழப்பத்துக்குக் காரணம் நம் ‘க்குள்’. வெள்ளிக்கிழமைக்குள் என்கிறோம், இரண்டு நாளைக்குள் என்றும் சொல்கிறோம். ஆங்கிலத்தில் அவை இரண்டும் வேறு. நாட்காட்டியிலோ கடிகாரத்திலோ விரல் வைத்துக் காட்டக்கூடிய புள்ளி என்றால் ‘பை’: ‘பை ஃப்ரைடே’, ‘பை டென் ஓ கிளாக்’. எண்ணிக் கழிக்கிற கால அளவு என்றால் ‘வித்இன்’: ‘வித்இன் டூ டேஸ்’. ‘பை டூ டேஸ்’ என்று கெடு சொல்ல முடியாது.

‘பை ஃப்ரைடே’ன்னா வெள்ளிக்கிழமை சேர்த்தியா, சேர்த்தி இல்லையா?

சாதாரணப் பேச்சில் சேர்த்திதான். வெள்ளிக்கிழமை கொடுத்தாலும் கெடுவுக்குள் கொடுத்ததாகவே கருதுவார்கள். ‘பிஃபோர் ஃப்ரைடே’ என்றால் வியாழக்கிழமையோடு முடிந்தது. ஆனால் வெள்ளிக்கிழமையில் எந்த மணி வரை என்பதை ‘பை’ சொல்லாது. அலுவலகம் மூடும் நேரமா, நள்ளிரவா என்று கேட்டுவிடுவது நல்லது. இந்தத் தகராறே வேண்டாம் என்றுதான் அரசு விளம்பரங்களில் ‘ஆன் ஆர் பிஃபோர்’ என்று எழுதுகிறார்கள்.

‘பை தி டைம்’ வந்தா ‘ஹேட்’ ஏன் வருது?

‘நான் போறதுக்குள்ள ரயில் போயிடுச்சு.’ இங்கேயும் அதே ‘க்குள்’தான். நான் போய்ச் சேர்ந்த நேரம் கெடு, அதற்கு முன்னாலேயே ரயில் போய்விட்டது. முன்னால் நடந்து முடிந்ததைக் காட்டத்தான் ‘ஹேட் லெஃப்ட்’. எதிர்காலத்துக்கு ‘வில் ஹேவ்’: ‘பை மார்ச், ஐ வில் ஹேவ் ஃபினிஷ்டு’. மார்ச் வரும்போது முடித்திருப்பேன்.

இன்டர்வியூல ‘ஐ கேம் பை வாக்’னு சொன்னேன். சிரிச்சாங்க. ‘பை பஸ்’ சரின்னா இது ஏன் தப்பு?

சிரித்தது தவறு. நீங்கள் சொன்னதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது, ஆனால் ஆங்கிலத்தில் அந்த வழக்கம் இல்லை. ‘ஐ வாக்டு’ என்று சொன்னால் போதும். ‘ஆன் ஃபுட்’ என்றும் சொல்லலாம்.

வண்டியில் இன்னொரு நுணுக்கம் உண்டு. ‘பை பஸ்’, ‘பை கார்’, ‘பை டிரெயின்’ என்னும்போது நடுவில் ‘எ’, ‘தி’, ‘மை’ எதுவும் வராது, ஏனென்றால் அங்கே குறிப்பிட்ட ஒரு வண்டியைச் சொல்லவில்லை, பயணம் போகும் விதத்தைத்தான் சொல்கிறோம். அண்ணனுடைய கார், எட்டு மணி பஸ் என்று ஒன்றைச் சுட்டிவிட்டால் ‘பை’ விலகிவிடும்: ‘இன் மை பிரதர்ஸ் கார்’, ‘ஆன் தி எய்ட் ஓ கிளாக் பஸ்’.

அப்போ ‘பை தி கிலோ’ல மட்டும் ‘தி’ ஏன் வருது?

அது அளவுக்கான ‘பை’. விற்பதும் கூலி கொடுப்பதும் எந்த அலகில் என்று சொல்லும்போது ‘தி’ கட்டாயம்: ‘பை தி கிலோ’, ‘பை தி டஜன்’, மணிக்கூலிக்கு ‘பை தி அவர்’. அலகின் பெயரில்லாமல் எடைபோட்டு விற்பது என்று பொதுவாகச் சொன்னால் ‘பை வெயிட்’, அங்கே ‘தி’ இல்லை.

சம்பளம் ‘பை’ ஐயாயிரமா, ‘டு’ ஐயாயிரமா?

இதைத் தவறவிட்டால் பணம் போகும். சம்பளம் 20,000 ரூபாய் என்று வையுங்கள். ‘ரெட்யூஸ்டு பை 5,000’ என்றால் மீதி 15,000. ‘ரெட்யூஸ்டு டு 5,000’ என்றால் கையில் வருவதே 5,000. ‘பை’ வித்தியாசத்தைச் சொல்லும், ‘டு’ போய்ச் சேர்ந்த இடத்தைச் சொல்லும். தமிழில் இதை ‘ஆக’ காட்டிக்கொடுக்கும்: ‘ஐயாயிரம் குறைந்தது’ என்றால் ‘பை’, ‘ஐயாயிரமாகக் குறைந்தது’ என்றால் ‘டு’.

வாடகை ஒப்பந்தத்திலும் இதே கதைதான். 8,000 ரூபாய் வாடகை ‘பை டென் பெர்சென்ட்’ ஏறினால் 8,800. கையெழுத்துப் போடும் முன் அந்தச் சின்னச் சொல்லைத் தேடிப் படியுங்கள்.

ரூம் ‘பத்து பை பன்னிரண்டு’ன்னா பெருக்கணும். ‘டூ பை த்ரீ’ன்னா வகுக்கணும். ஒரே ‘பை’ எப்படி ரெண்டும் செய்யும்?

இந்தக் கேள்வியைக் கேட்டது ஒரு கொத்தனாரின் மகன். அறையின் அளவில் வருவது பழைய பக்கத்துப் பொருள்: ஒரு பக்கம் பத்தடி, அதை ஒட்டிய பக்கம் பன்னிரண்டடி. பரப்பு 120 சதுர அடி. பின்னத்தில் வருவது ‘டிவைடட் பை’ என்பதன் மிச்சம். ‘டிவைடட்’ உதிர்ந்து ‘பை’ மட்டும் நம் பள்ளிகளில் நின்றுவிட்டது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ‘டூ தேர்ட்ஸ்’ என்றோ ‘டூ ஓவர் த்ரீ’ என்றோ சொல்வார்கள். அங்கே ‘டூ பை த்ரீ’ என்றால் இரண்டுக்கு மூன்று என்ற நீள அகலமாகவே கேட்கும்.

நம் ஊரில் சாய்கோட்டைப் பார்த்தாலே ‘பை’ என்று படிப்போம். கதவு எண் 12 பை 4, சர்வே நம்பர் 45 பை 2. வெளிநாட்டவரிடம் தொலைபேசியில் முகவரி சொல்லும்போது அங்கே ‘ஸ்லாஷ்’ என்று சொல்லுங்கள். பெங்களூரு ஓட்டல்களில் கேட்கும் ‘ஒன் பை டூ காபி’யும் பின்னத்தின் வழியாக வந்ததுதான். ஒரு காபியைச் சமமாகப் பிரித்து இரண்டு சின்ன டம்ளரில் கொண்டு வந்து வைப்பார்கள். ‘டூ பை டூ’ பஸ் மட்டும் வேறு: நடைபாதைக்கு இந்தப் பக்கம் இரண்டு இருக்கை, அந்தப் பக்கம் இரண்டு.

‘பைஹார்ட் பண்ணு’ன்னு டீச்சர் சொல்வாங்க. அது இங்கிலீஷா, தமிழா?

சொற்கள் ஆங்கிலம், பயன்பாடு நம்முடையது. ஆங்கிலத்தில் ‘பை ஹார்ட்’ வினை ஆகாது, ‘லேர்ன் பை ஹார்ட்’ என்றே சொல்ல வேண்டும். ‘ஐ பைஹார்ட்டட் இட்’ என்று எழுதினால் வெளியூரில் விழிப்பார்கள். நமக்குள் பேசும்போது சொல்லிக்கொள்வதில் எந்தக் குறையும் இல்லை.

வேணும்னே செய்யலைங்கிறதுக்கு ‘நாட் பை பர்ப்பஸ்’னு சொல்லலாமா?

‘ஆன் பர்ப்பஸ்’ என்பதே வழக்கு. தெரியாமல் செய்ததற்கு ‘பை மிஸ்டேக்’, தற்செயலுக்கு ‘பை சான்ஸ்’ என்று இருப்பதால் இந்தக் குழப்பம் வருகிறது. ‘பை ஹிம்செல்ஃப்’ என்பதற்கு இரண்டு பொருள் உண்டு: தனியாக, பிறர் உதவியின்றி. ‘ஹி லிவ்ஸ் பை ஹிம்செல்ஃப்’ என்றால் தனியாக வசிக்கிறார். ‘ஹி ஃபிக்ஸ்டு இட் பை ஹிம்செல்ஃப்’ என்றால் தானே சரிசெய்தார்.

‘பை’க்கு அப்புறம் ‘இங்’ வந்தா எப்படிப் புரிஞ்சுக்கறது?

தமிழ் வினையெச்சத்தைப் போடுங்கள், வேலை முடிந்தது. ‘பை பிரஸ்ஸிங் திஸ் பட்டன்’ என்றால் இந்தப் பட்டனை அழுத்தி. ‘அழுத்துவதன் மூலம்’ என்று இழுக்க வேண்டியதில்லை.

‘பைபாஸ்’, ‘பை எலெக்ஷன்’, ‘பைலா’ எல்லாத்துலயும் இருக்கிறது இந்த ‘பை’ தானா?

முதல் இரண்டிலும் ஆம். ஊருக்குப் பக்கமாகப் போகும் புறவழிச்சாலை, பொதுத்தேர்தலுக்குப் பக்கத்தில் துணையாக நடக்கும் இடைத்தேர்தல். கேரள மருத்துவமனைகளில் நோயாளிக்குத் துணையிருப்பவரை ‘பைஸ்டாண்டர்’ என்பார்கள். மற்ற இடங்களில் அதே சொல்லுக்குச் சும்மா நின்று பார்த்தவர் என்று பொருள்.

சங்கத்தின் துணைவிதியைக் குறிக்கும் ‘பைலா’ வேறு வழியில் வந்தது. வைக்கிங்குகளின் பழைய நார்ஸ் மொழியில் ஊரைக் குறிக்கும் சொல் ஒன்று ஏறக்குறைய இதே ஒலியில் இருந்தது. ஊர்க்கட்டுப்பாடு என்பதே ‘பைலா’வின் முதல் பொருள். அவர்கள் குடியேறிய இங்கிலாந்துப் பகுதிகளில் விட்பி, கிரிம்ஸ்பி, டார்பி என்று ‘பி’யில் முடியும் ஊர்களில் இருப்பதும் அதுதான். நம் ஊர்களின் ‘பட்டி’ போல.

‘பை அண்ட் லார்ஜ்’னு ஏன் சொல்றாங்க? அர்த்தமே பொருந்தலையே.

அது பாய்மரக் கப்பல் மொழி. காற்று வரும் திசையை ஒட்டி ஓட்டுவது ‘பை’, காற்றைப் பின்னால் வாங்கிச் சுகமாக ஓட்டுவது ‘லார்ஜ்’. இரண்டு விதமாகவும் நன்றாக ஓடும் கப்பல் என்பதிலிருந்து ‘பொதுவாகப் பார்த்தால்’ என்ற பொருள் வந்தது.

தமிழ்ல எழுதும்போது ‘பை’ வர்ற இடத்துலெல்லாம் ‘ஆல்... பட்டது’ போடலாமா?

கூடுமானவரை வேண்டாம். ‘அரசால் அறிவிக்கப்பட்டுள்ளது’ என்பதைவிட ‘அரசு அறிவித்துள்ளது’ என்பது எவ்வளவு தெளிவு! திரைப்படத் தலைப்பு அட்டையில் ‘டைரக்டட் பை’ என்பதற்கு ‘இயக்கம்’ என்ற ஒரே சொல்லைத்தான் போடுகிறோம், குறையாகத் தெரிகிறதா? மொழிபெயர்ப்பு வேலை செய்யும் என் மாணவர்களிடம் இதை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். செய்தவர் யார் என்று தெரிந்தால் அவரையே எழுவாய் ஆக்குங்கள்.

பழைய ஆங்கில பைபிள்ல ‘ஐ நோ நத்திங் பை மைசெல்ஃப்’னு இருக்கு. ‘எனக்குத் தானா எதுவும் தெரியாது’ன்னா அர்த்தம்?

ஞாயிறு ஆராதனைக்குப் போய்விட்டு வந்த மாணவர் கேட்டது. நான் மேலே சொன்ன எந்தப் பொருளிலும் இது அடங்காது. 1611இல் வெளியான கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பில், முதலாம் கொரிந்தியர் 4ஆம் அதிகாரம் 4ஆம் வசனத்தில் இது வருகிறது. அந்தக் காலத்தில் ‘பை’க்கு ‘ஒருவரைக் குறித்து, ஒருவருக்கு எதிராக’ என்றும் ஒரு பொருள் இருந்தது. ஆகவே ‘என்மேல் குற்றமாக எதையும் நான் அறியவில்லை’ என்பதே பவுல் சொல்வது. தமிழ் பைபிளையும் எடுத்துவரச் சொல்லி இரண்டையும் மேசையில் அருகருகே வைத்துப் படித்தோம். குற்றம் என்ற சொல் தமிழில் வெளிப்படையாகவே இருந்தது. ஆங்கிலத்தில் அந்தப் பொருள் வழக்கொழிந்துவிட்டதால் பின்னால் வந்த மொழிபெயர்ப்புகள் ‘அகெய்ன்ஸ்ட்’ என்று மாற்றிக்கொண்டன.